பதினான்காம் பக்கத்துக் கமா

என் அன்புக்கும் இப்போதைய கோபத்துக்கும் ஒருசேர உரிய தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சௌக்கியத்துக்கு உன் புத்தகம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஆறு இங்கிலீஷ் வார்த்தை கொடுத்திருக்கிறது. அதில் எது என்னுடைய சௌக்கியம் என்று பிடிபடாததால் அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் டியூஷன் பிள்ளைகளுக்காக நீயே தொகுத்து, நீயே அச்சடித்து, அட்டையில் உன் போட்டோவையும் போட்டு, 'அண்ணனுக்கு அன்புடன்' என்று கையெழுத்திட்டு அனுப்பினாயே, 'ஒரே பொருள், பல சொற்கள்' என்று ஒரு புத்தகம், அதனால் எனக்கு வீடு போகப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள் வண்டியோடு வந்து என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அவள் ஊருக்குப் போகிறாள். இந்த வீடு வாடகைக்கு விடப்படும். உன் அண்ணி பார்த்துப் பார்த்து ஆணி அடித்த சுவரில் எவனோ காலண்டர் மாட்டுவான். எல்லாம் உன் பதினான்காம் பக்கம் செய்த வேலை.

எங்கள் அடுக்குமாடி அலுவலகத்தில் எல்லார் கையிலும் பூர்த்தி செய்யச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். தீப்பிடித்தால் யார் யாரை இறக்குவது என்பதற்காம். கடைசிக் கட்டத்தில், உங்களோடு வீட்டில் யார் இருக்கிறார்கள், இங்கிலீஷில் எழுதவும் என்றிருந்தது. நான் தனியாக இருக்கிறேன், விஷயம் இவ்வளவுதான். முதலில் சிங்கிள் என்று எழுதினேன். கிழவன் இந்த வயசில் பெண் தேடுகிறான் என்று நினைப்பார்களே என்று அடித்தேன். அப்புறம்தான் போதாத வேளை, உன் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன். 'தனியாக' என்று போட்டு, நேரே அலோன், கமா, லோன்லி, கமா, சாலிட்டரி, கமா என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து வைத்திருக்கிறாய். அலோன் என்று எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். லோன் கேட்கிற மாதிரி இருந்தது. லோன்லியிலும் லோன் இருக்கிறதே என்று கேட்பாய். ஆனால் பின்னால் ஒரு 'லி' இருக்கிறதே தம்பி! கைண்ட்லி, ஹம்ப்லி, சின்சியர்லி. 'லி' வந்தால் பணிவு என்பது பஸ் டெப்போ மேனேஜருக்கு முப்பது வருஷம் விண்ணப்பம் எழுதிய என் அனுபவம். ஆகவே மரியாதையாக, "ஐ ஆம் வெரி லோன்லி, கைண்ட்லி நோட்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நோட் பண்ணிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் எங்கள் அடுக்குமாடிச் செயலாளர் கதவைத் தட்டினார். "சார், நீங்க எழுதினதைப் படிச்சதுலேருந்து மனசே சரியில்ல. கீழ் வீட்டுலயே இருந்துட்டு உங்களைக் கண்டுக்காம விட்டுட்டோமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், பிரஷ்ஷோடு சேர்த்து. நுரையோடு நான் என்ன பதில் சொல்ல? மத்தியானம் எதிர் வீட்டு அம்மாள் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் ஒத்தையாத்தான் கிடக்கு, உங்களுக்குத் துணையா இருக்கட்டும்" என்று ஒரு ஆரஞ்சு மீனை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இதெல்லாம் போதாதென்று, பெரியவர்களுக்குப் பேச்சுத் துணை அனுப்புகிற ஒரு சங்கத்தில் செயலாளர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் நாலு மணிக்கு ஒரு சலூன்காரர் வருகிறார், அன்றைக்கு அவர் கடைக்கு லீவாம். "நீங்க பேசுங்க அண்ணே, நான் கேக்கத்தான் வந்திருக்கேன்" என்று உட்கார்ந்தவர் ஒன்றரை மணி நேரம் என்னை வாயைத் திறக்க விடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பாதி மீசையை இழந்த மாப்பிள்ளை கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. அது வேறு விஷயம்.

சரி, வார்த்தையை மாற்றிவிடுவோம் என்று அலுவலகத்துக்குப் போனேன். லோன்லியை அடித்து, உன் பட்டியலில் அடுத்ததாக இருந்த சாலிட்டரியைப் போட்டேன். செயலாளருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "சார், அது ஜெயில்ல தனி ரூம்ல போட்டு அடைக்கிறதுக்குச் சொல்றது. உங்களை யாரு சார் அடைச்சு வெச்சா?" என்றார். ஐயையோ என்று அதையும் அடித்து ஐசொலேட்டட் போட்டேன். சாயங்காலம் பார்க்கிறேன், எதிர் வீட்டு அம்மாள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு ஓடுகிறாள். எனக்கு என்ன தொற்றுநோய் என்று மாடிப்படி முழுக்கப் பேச்சு. கடைசியாக டெஸர்ட்டட் என்று எழுதினேன். செயலாளர் பாரத்தைப் போட்டோ எடுத்து என் மகளுக்கு அனுப்பிவிட்டார்.

"அப்பா, நான் உங்களைக் கைவிட்டுட்டேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்களே!" என்று போனில் ஒரே அழுகை.

"இல்லம்மா, வீட்டுல வேற ஆள் இல்லன்னுதான் எழுதினேன்."

"ஆள் இல்லன்னா? அப்ப நான் ஆள் இல்லையா? ஞாயித்துக்கிழமை வரேன், பெட்டியைக் கட்டி வைங்க."

தம்பி, நான் டெப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் இருந்தவன். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு நட்டை ஒரே டப்பாவில் போட்டவனை நான் சும்மா விட்டதில்லை. உள்ளே சுற்றி ஓடுகிற மரை வேறாக இருக்கும். மாற்றி மாட்டினால் முதல் இரண்டு சுற்று ஜோராகப் போகும், அப்புறம் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. நீ ஒரு டஜன் நட்டை ஒரே டப்பாவில் போட்டு நடுநடுவே கமாவைத் தெளித்திருக்கிறாய். இதில் வாத்தியார் என்று பெயர் வேறு.

நான் லோன்லி இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? உன் அண்ணி போய் மூன்று வருஷம் ஆகிறது, இந்த வீட்டில் ஒரு பழக்கமாவது மாறியிருக்கிறதா? நாலு மணிக்கு இன்றைக்கும் டீ இரண்டு டம்ளர்தான் போடுகிறேன். கைக்கு அந்த அளவுதான் வருகிறது. ஒன்றைச் சூடாகக் குடிப்பேன், மற்றதை ஆறின பிறகு குடிப்பேன், வீணாக்குவதில்லை. செவ்வாயன்று மட்டும் இரண்டாவதைச் சலூன்காரர் குடிக்கிறார். மற்ற நாளில் மீனிடம் கிளட்ச் பிளேட் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், அது எதிர்த்துப் பேசுவதில்லை. இப்படி ஒழுங்காகக் காலம் தள்ளுகிற மனுஷன் லோன்லியா? நீயே சொல்லுடா.

ஆகவே உடனடியாக உன் பள்ளிக்கூட லெட்டர் தாளில், 'என் அண்ணன் அலோன் மட்டுமே, லோன்லி அல்ல' என்று இங்கிலீஷில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு. நான் என் வீட்டிலேயே இருக்க வேண்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன் புத்தகத்தை மட்டும் படிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
லோன்லி அல்லாத, வெறும் அலோனான
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. சலூன்காரர் வரவில்லை. கடைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம், இந்த வாரம் முடியாது என்று போன் செய்தார். நான் இரண்டு டம்ளரிலும் ஊற்றியான பிறகுதான் போன் வந்தது. மூன்று வருஷமாக ஆறின டீ குடித்தவன்தான், ஒரு நாளும் ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்கு அந்த இரண்டாவது டம்ளரை வாயில் வைக்க முடியவில்லை தம்பி. ஐந்தரை வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அலோனுக்கும் லோன்லிக்கும் மரை எங்கே மாறுகிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. ஆகவே ஸ்டாம்ப், சான்றிதழ் எதுவும் வேண்டாம். கீழே போய், முதலில் எழுதிக் கொடுத்த லோன்லியே சரி, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். மகளுக்கும் போன் செய்தேன். வீட்டை விட்டு வரமாட்டேன், ஆனால் நீ வா, வந்து வந்து போ என்றேன். "மூணு வருஷமா, நான் நல்லா இருக்கேன், நீ உன் வேலையைப் பாருன்னுதானே சொன்னீங்க? இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள். வண்டி வேண்டாம், தான் மட்டும் வருவதாகச் சொன்னாள். நீயும் அவளோடு கிளம்பி வா. லோன்லியைத் தமிழில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இங்கிலீஷில் தப்பாகச் சொன்னதால்தான் வெளியே வந்தது. அடுத்த பதிப்பிலும் அந்தக் கமா அங்கேயே இருக்கட்டும்.