ப்ரோக்கோலிக்காக இறங்கிய படிகள்

திருத்தணி,
டிசம்பர் 15.

மரியாதைக்குரிய பாவா துளசிங்கம் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ராஜவேலுவின் வணக்கம். இங்கே நானும் அனுசுயாவும் நலம், தோட்டம்தான் நலமில்லை. பெங்களூரில் உங்கள் முட்டி நலம்பெறத் தணிகை முருகனை வேண்டுகிறேன்.

"படித்திருவிழாவுக்கு இந்த வருசமும் வரலைப்பா. முட்டி மடங்கல. டாக்டர் தெனம் ப்ரோக்கோலி துன்னுன்றார், அது உங்க ஊர்ல எங்க கெடைக்கும்?" என்று போனில் சொன்னீர்களே, மறுநாளே அரக்கோணம் போய் விதை வாங்கி வந்தேன். படித்திருவிழா நாளான டிசம்பர் முப்பத்தொன்றில் உங்கள் தட்டில் ப்ரோக்கோலிப் பூ இருக்க வேண்டும், அதைச் சாக்காக வைத்து உங்களை வரவழைக்க வேண்டும். பாக்கெட்டில் எண்பது நாள் என்று போட்டிருந்தது. நம் மலைக்குத்தான் நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படி இருக்கிறதே! உச்சிப்படி டிசம்பர் முப்பத்தொன்று, அங்கிருந்து எண்பது படி இறங்கினால் விதைக்கிற நாள். "செவுத்துல காலண்டர் தொங்கிகினு கீது, இந்த மனுசன் மலைக்குப் போறாரு பாரு" என்று அனுசுயா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்டோபர் முதல் செவ்வாய், பஸ்ஸில் மேலே போய், உச்சியிலிருந்து படி எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஐம்பத்து மூன்றாம் படியில் கால் நின்றுவிட்டது. பாவா, அது நம்ம படி! கற்பூரம் ஏற்றும்போது உங்கள் வேட்டி நுனி பற்றிக்கொண்டு, நீங்கள் குதித்த குதியைச் சாமியாட்டம் என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே, அக்கா சிரித்துச் சிரித்து விக்கலெடுத்து உட்கார்ந்தாளே, அதே படி. நானும் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அதற்குக் கீழே இறங்க மனசு வரவில்லை, திரும்ப ஏறி பஸ் பிடித்து வீடு வந்துவிட்டேன். அடுத்த முறை போனால் அக்கா பிரித்த புளிசாதப் பொட்டலம் அதே படியில் ஞாபகம் வந்து தொலைத்தது, கடைசிக் கவளத்துக்கு நாம் போட்ட சண்டையும்தான். அப்புறம் மழை. மூன்றாம் முறை, அக்கா போய் நாலு வருஷமாச்சே என்று அழுதேவிட்டேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் நவம்பர் எட்டு, அந்தப் படியின் தேதியே வந்துவிட்டது! அன்றைக்கே அவசரமாக விதைத்தேன்.

கார்த்திகை மழையில் நாற்றுக்குக் குடை பிடித்து நான் நனைந்தேன். "இன்னாண்ணா, கீரைக்குக் கொடை புடிச்சிகினு நிக்கிற?" என்கிறாள் பக்கத்து வீட்டு வரலட்சுமி. இன்றைக்கு வரை வெறும் இலைதான். பூ ஜனவரி கடைசியில்தான் வரும். ஆகவே முப்பத்தொன்றுக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம், பூ வந்ததும் எழுதுகிறேன், அப்போது வாருங்கள்.

மகன் பிரேம்குமாருக்கும் குடும்பத்துக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
எண்பது வரை எண்ணத் தெரியாத
ராஜவேலு

பி.கு.: அனுசுயா இதைப் படித்துவிட்டு, "பூ வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா? மொதல்ல அண்ணன வரச் சொல்லுங்க" என்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். முப்பத்தொன்றாம் தேதியே வாருங்கள், பாவா. கீழிருந்து ஏற வேண்டியதே இல்லை, பஸ்ஸில் உச்சிக்குப் போய் மெதுவாக இறங்கினால் நம்ம படி ஐம்பத்து மூன்றுதான். மூன்று தடவை எண்ணியிருக்கிறேன்.