தோற்க ஓர் ஆள் தேவை

“என் ஓட்டு உனக்குத்தான்,” என்றாள் பியரீனா.

இலாரியோவின் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. பியரீனாவின் முடி வலது பக்கம் காது வரையிலும் இடது பக்கம் தோள் வரையிலும் இருந்தது.

“எதுக்கு?” என்றார் இலாரியோ.

“எதுக்கா? நீதானே மேயருக்கு நிக்கறே?”

“நிக்கறேன். அதுக்காக ஓட்டுப் போட்டுடறதா?”

“என் இஷ்டம். நீ முடியை வெட்டு.”

இலாரியோ கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவர் ஜெயிப்பதற்காக நிற்கவில்லை. தோற்பதற்காக நின்றார்.

ரோக்காசோர்தா என்ற அந்த மலையூரில் இருபது வருடமாக எவரிஸ்தோதான் மேயர். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. அங்கேதான் சிக்கல். ஒரே அணி நின்றால், வாக்காளர்களில் ஐந்தில் இரண்டு பேராவது வந்து ஓட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் தேர்தல் செல்லாது, நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். யாருமே நிற்காவிட்டாலும் அதே கதிதான். பக்கத்து ஊருக்கு அப்படி வந்த ஒருவர், முதல் வேலையாகச் சதுக்கத்தில் கிடந்த காப்பிக் கடை நாற்காலிகளை எடுக்கச் சொன்னார். ஊரே நின்றுகொண்டு காப்பி குடித்தது.

ஜெயிப்பவர் யாரென்று தெரிந்த தேர்தலுக்கு யார் மெனக்கெட்டு வருவார்கள்? அதனால் அந்தப் பக்கத்து மலையூர்களில் மேயர்களே தங்களுக்கு ஒரு எதிரியைத் தயார் செய்துகொள்வது வழக்கம். இரண்டு அணி நின்றால் எத்தனை பேர் வந்தாலும் தேர்தல் செல்லும். போன முறை மாட்டு டாக்டர் நின்றார், மரியாதையாகத் தோற்றார். இந்த முறை இலாரியோ. அவருடைய அணிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய ஆட்களைக்கூட எவரிஸ்தோவே தன் சொந்தக்காரர்களிலிருந்து பிடித்துக் கொடுத்திருந்தார்.

கைம்மாறாக ஒரு வேன் சவாரி. கீழே கடற்கரை ஊரில் நோர்மா என்ற விதவை, ஐம்பது வயது இலாரியோவைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்திருந்தாள். ஒரே நிபந்தனை: மலைக்கு அவள் வரமாட்டாள், ஜூன் முடிவதற்குள் அவர் இறங்கி வர வேண்டும். அந்த ஊரில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் வேறு அவளுக்கு அடிக்கடி மீன் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். இலாரியோ உடனே கிளம்பியிருப்பார். சலூன் நாற்காலி இருக்கிறதே, அது இரும்பு. நாலு பேர் தூக்க வேண்டும். எவரிஸ்தோவிடம்தான் வேன் இருந்தது.

பியரீனாவின் இடது பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு இலாரியோ மேயர் வீட்டுக்கு ஓடினார்.

மேயரின் மனைவி ஒர்தென்சியா பால்கனியில் ஒரு கடற்கரைக் குடையை விரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். கடல் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம்.

“எவரிஸ்தோ! எனக்கு ஒரு ஓட்டு விழுந்துடுச்சு!”

“ஒண்ணுதானேடா? அலறாதே, உட்காரு,” என்றார் மேயர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். “நீ பேசாம இருக்கே பாரு, அதான் நல்லவன்னு நினைச்சுக்கறாங்க. ஊரைத் திட்டு. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி திட்டு. திட்டு வாங்கினவன் எவனாவது ஓட்டுப் போடுவானா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் வெளியே வந்தது. காப்பிக் கடைக்காரர் துல்லியோ மைக்கை இரவல் கொடுத்தார். இலாரியோ இதுவரை மைக்கைப் பிடித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“சோம்பேறிங்களா!” என்றார். “உங்க வீட்டு வாசல் பனியை வழிக்கக்கூட மேயர் வரணுமா? உங்க நாய் போடறதை யார் அள்ளறது? எப்பப் பாரு ரோம்ல இருக்கறவன் சரியில்லேன்னு பேச்சு. நீங்க சரியா? மூஞ்சியைப் பாரு!”

மூச்சு வாங்கியது. கண்ணைத் திறந்தார்.

ஊர் கைதட்டிக்கொண்டிருந்தது.

“என்னா அடி!” என்றார் துல்லியோ. “முகத்துக்கு நேரா சொன்னான் பாரு! ஒவ்வொரு வார்த்தையும் எதிர்வீட்டுக்காரனுக்குத்தான்!”

எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இலாரியோ மறுபடி மேயர் வீட்டுக்கு ஓடினார். எவரிஸ்தோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

“சரி. பெரிய ஆயுதத்தை எடுத்துட வேண்டியதுதான். பூட்டிக் கிடக்கற வீட்டையெல்லாம் திறந்து வெளிநாட்டுக்காரங்களைக் குடி வெப்பேன்னு சொல்லு. இந்தப் பேச்சு பேசித்தான்டா ஐரோப்பா முழுக்கப் பெரிய பெரிய கட்சியெல்லாம் கவுந்து கிடக்கு. நீ எம்மாத்திரம்?”

அடுத்த ஞாயிறு. அதே மைக்.

“எரித்ரியாவுலேர்ந்து கூட்டிட்டு வருவேன்! சிரியாவுலேர்ந்து கூட்டிட்டு வருவேன்! குடும்பம் குடும்பமா வருவாங்க!”

சதுக்கம் அமைதியானது. ஊற்றில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இலாரியோவுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. நோர்மா, வந்துவிட்டேன்.

“அதுல ஒரு கோல்கீப்பர் இருப்பாரா?” என்றார் துல்லியோ.

“என்ன?”

“கோல்கீப்பர்ப்பா. ஊர் டீமுக்கு இப்ப நான்தான். எனக்கு அறுபத்திரண்டு வயசு. முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு. போன வாரம் மோந்தேஃபோஸ்கோ ஊர்க்காரங்க பதிமூணு கோல் போட்டாங்க. பதிமூணையும் நான் நின்னு பார்த்தேன்.”

“ரொட்டி சுடத் தெரிஞ்சவங்க வருவாங்களா?” என்றாள் பியரீனா. ரொட்டிக் கடை மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு வாரம் இரண்டு நாள் வண்டியில் ரொட்டி வரும். அதை நறுக்க ரம்பம் வேண்டும்.

பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது. “அவங்க வழக்கமெல்லாம் வேறயாச்சே.”

“நம்ம பாதிரியாரே நைஜீரியாக்காரர்,” என்று திரும்பினாள் பியரீனா. “அவர் வந்த பிறகுதான் பூசை நேரத்துக்கு ஆரம்பிக்குது. உங்க அண்ணன் பாதிரியாரா இருந்தப்போ எத்தனை நாள் தூங்கிட்டாரு, சொல்லட்டுமா?”

அதற்குள் துல்லியோ ஆட்டக்காரர்களுக்குப் புதுச் சட்டை தைக்க அளவு பேச ஆரம்பித்துவிட்டார். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்தால் மணி அடிப்பது தானா பாதிரியாரா என்று இன்னொருவர் சண்டைக்கு நின்றார்.

இலாரியோ மேயர் வீட்டுக்குப் போனபோது அவருக்கு ஓடத் தெம்பில்லை.

“தேறாதுடா,” என்றார் எவரிஸ்தோ. “ஒரே வழிதான் பாக்கி. உண்மையைச் சொல்லிடு. நான் சும்மா நிக்கறேன், பொம்மை, கடலுக்குப் போறேன்னு போட்டு உடைச்சிடு. அரசியல்ல உண்மை பேசினவன் பிழைச்சதா சரித்திரமே இல்லை.”

சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

இலாரியோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருபது வருட நாற்காலி. நண்பனிடமிருந்து அதைப் பறிக்கிற பாவியாக ஆகிவிட்டோமே!

“அழாதே எவரிஸ்தோ. நான் எப்படியாவது தோத்துடறேன்,” என்றார்.

தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின.

கடைசிக் கூட்டத்தில் இலாரியோ எல்லாவற்றையும் சொன்னார். “நான் நிஜ வேட்பாளரே இல்லைங்க. ஆள் கணக்குக்கு நிக்கறேன். எனக்கு இந்த ஊர் வேண்டாம், பதவி வேண்டாம். நோர்மாதான் வேணும். கடற்கரையில ஒரு சலூன் போட்டுட்டு, சாயங்காலம் அவகூட நடக்கணும். அவ்வளவுதான். தயவுசெஞ்சு எனக்குப் போடாதீங்க!”

பியரீனா மூக்கைச் சிந்தினாள். துல்லியோ இந்தப் பேச்சைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். படம் ஆடியது, அவரும் அழுதுகொண்டிருந்தார்.

“உண்மை பேசற வேட்பாளர்!” என்று பியரீனா இலாரியோவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். “என் ஆயுசுல பார்த்ததில்லை.”

“நான் போகப்போறேன்னு சொன்னது உங்களுக்குப் புரியலையா?”

“நல்லாப் புரிஞ்சுது. தோத்தா நீ போயிடுவே. அப்புறம் எங்களுக்கு முடி யார் வெட்டுவா? ஜெயிச்சா போகமாட்டே. என் இடது பக்கம் இன்னும் பாக்கி இருக்குல்ல?”

கூட்டம் ஒரே குரலில் ஆமோதித்தது.

திங்கட்கிழமை மதியம் பழைய பள்ளிக்கூட அறையில் ஓட்டுகளை எண்ணினார்கள். சீட்டைப் பிரித்துப் பிரித்து வாசித்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியது.

“இலாரியோ. இலாரியோ. இலாரியோ. இலாரியோ.” கடைசியில் ஒரு சீட்டு. “எவரிஸ்தோ.”

இலாரியோ அந்தச் சீட்டை எட்டிப் பார்த்தார். அழுத்தி, காகிதம் கிழிகிற மாதிரி போட்ட கோடு. அது அவர் போட்ட ஓட்டு.

அப்படியானால் எவரிஸ்தோவின் ஓட்டு எங்கே? ஒர்தென்சியாவின் ஓட்டு? யோசிப்பதற்குள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தோளிலேயே போன் அடித்தது. நோர்மா.

“நான் ஜெயிச்சுட்டேன்,” என்றார் இலாரியோ. “மன்னிச்சுடு. அஞ்சு வருஷம் இங்கேயே இருக்கணும். மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷன்.”

“நிறுத்துய்யா,” என்றாள் நோர்மா. “உன் பேச்சு இங்க மீன் சந்தை வரைக்கும் வந்தாச்சு. எல்லார் போன்லயும் ஓடுது. ஊர் நடுவுல மைக்கைப் பிடிச்சு, பதவி வேண்டாம் நோர்மாதான் வேணும்னு எவன்யா சொல்லுவான்? செத்துப்போன என் புருஷன் என் பேரை வீட்டுக்குள்ள கூடச் சத்தமாச் சொன்னதில்லை. நாளைக்கு பஸ்ல வரேன். ஒரு வாரம் பார்ப்பேன். ஆட்டு மணிச் சத்தம் ஜாஸ்தியா இருந்தா இறங்கிடுவேன், சொல்லிட்டேன்.”

“மேயர் நான்,” என்றார் இலாரியோ. “எல்லா ஆட்டு மணியையும் கழட்டச் சொல்றேன்.”

அவர் தோளிலிருந்து குதித்தார். இவ்வளவு சந்தோஷத்தில் ஒரு முள் மட்டும் குத்தியது: எவரிஸ்தோ. இருபது வருட மேயர், ஒரே ஓட்டு, அதுவும் எதிரி போட்டது. மனுஷன் என்ன ஆனாரோ! வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே ஓடினார்.

மேயர் வீட்டு வாசலில் வேன் நின்றது. உள்ளே கட்டில், குளிர்பெட்டி, இரண்டு மடக்கு நாற்காலிகள், அந்தக் கடற்கரைக் குடை.

“எவரிஸ்தோ, என்னை மன்னிச்சுடு!” என்று இலாரியோ கதறினார். “உன் நாற்காலியைப் பறிச்சுட்டேன்! அவமானத்துல ஊரை விட்டே போறியா?”

எவரிஸ்தோ வாசல் கதவைப் பூட்டினார். மேயர் அணியும் தன் மூவண்ணப் பட்டையைக் கழற்றி இலாரியோவின் தோளில் அவசர அவசரமாக மாட்டி, முடிச்சை இரண்டு முறை இறுக்கிவிட்டு, வேனில் தாவி ஏறி வண்டியைக் கிளப்பினார்.

ஜன்னல் வழியே தலையை நீட்டினாள் ஒர்தென்சியா. கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

“நீ தங்கம், இலாரியோ! மூணு தேர்தலா இவரும் யார்கிட்டயாவது தோத்துடணும்னு ஆள் தேடிக்கிட்டே இருந்தார். போன தடவை இதே மாதிரி ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தும் அந்த மாட்டு டாக்டர் தடியன் தோத்தே தொலைஞ்சான்!”