வீரய்யாவின் வாவிக் காவல்

"பொம்பளப் புள்ள, தனியா, இந்த நேரத்துல எங்க?"

வீரய்யா கேற்றுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார். கண்டி மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் அதட்டல் போகவில்லை.

எதிரே நின்றவள் அகீலா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவள். வாவிக்கு மேலே மேட்டிலிருக்கும் வீரய்யாவின் வீட்டில், சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடும் மேல்மாடி அறையில் தங்கியிருக்கிறாள்.

"கண்டி நைட் லைஃபைப் பாக்கப் போறன் அங்கிள்."

வீரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டியில் என்ன நைட் லைஃப்? பொழுது சாய்ந்தால் கடைக்காரன் ஷட்டரை இழுப்பான். வாவிக்கு மேலே வௌவால் பறக்கும். அவ்வளவுதான். மிச்சம் இருப்பதெல்லாம் ஏமாற்று.

துணைக்கு வரட்டுமா என்று கேட்டார். தனியாகப் போவதுதான் பிடிக்கும் என்றாள். சரி, கேட்டுக்கொள் என்று சட்டங்களை எடுத்து விட்டார். திரீவீலில் ஏறவே கூடாது. யார் எதைத் தந்தாலும் குடிக்கக் கூடாது. முக்கியமாக, "நீங்க தங்கியிருக்கிற இடத்துலதான் நான் வேலை செய்யிறேன், என்னைத் தெரியலையா?" என்று ஒருவன் இளித்துக்கொண்டு வருவான். அவன்தான் கள்ளன்.

வாவிக்கரையில் அது பழைய வித்தை. வீரய்யா வீட்டில் தங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் அப்படி வந்தவனை நம்பி மாணிக்கக்கல் கடைக்குப் போய், கண்ணாடித் துண்டோடு திரும்பினார். போன கையோடு இணையத்தில் வீட்டைத் திட்டி எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஆட்கள் வருவதே குறைந்து போனது. இன்னொருவர் அப்படி எழுதினால் மேல்மாடிக்குப் பூட்டுத்தான். அதற்காகவே வீரய்யா மாநகர சபைக்கு மனு மேல் மனுப் போட்டு வாவிக்கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் செய்திருந்தார்.

"ஓம் அங்கிள்" என்று அவர் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள் அகீலா.

வீரய்யா குசினிக்குள் போய்ப் பொரிந்தார். நாட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குப் புத்தி இல்லையென்றால் வீட்டுக்காரன்தான் கிடந்து சாக வேண்டுமா?

மனைவி பரிமளம் கறிவேப்பிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டொக்டர் சொன்ன மாதிரி பின்னேரத்துல வாவிய ரெண்டு சுத்து நடந்திருந்தீங்கன்னா, போற வழியில அந்தப் புள்ளயையும் பாத்துக்கிட்டிருக்கலாம்."

"நடக்கச் சொல்ற டொக்டர் கார்லதான வாறாரு?"

"சீனி இறங்காட்டி கால்விரல எடுக்க வேண்டி வரும்னாரு."

"எடுக்கட்டும். பத்து இருக்குல்ல."

பரிமளம் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, பாவம், அந்தப் பிள்ளை இந்நேரம் மேட்டை இறங்கியிருக்கும் என்றாள்.

வீரய்யா செருப்பை மாட்டப் போனார். செருப்பு சத்தம் போடும், பின்னால் போவது தெரிந்துவிடும் என்றாள் பரிமளம். மகன் அனுப்பிய சப்பாத்து, அவர் ஒரு நாளும் தொடாதது, துடைத்து, கயிறு தளர்த்தி, வாசலில் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர். கட்டிய நாளிலிருந்து இன்றைக்குத்தான் இவள் என் பக்கம் நிற்கிறாள் என்று வீரய்யாவுக்கு நெஞ்சு நிறைந்தது. குரங்குத் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக் கொண்டு இறங்கினார்.

அகீலா வாவியோர நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். திரீவீலில் போயிருந்தால் இவரும் ஒன்றைப் பிடித்திருப்பார். சட்டம் போட்டது யார்? தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். பெரஹரா ஊர்வல நேரம் வந்த ஜெர்மன் ஜோடியும் இப்படித்தான். ஒரு சுற்றுச் சுற்றியது போதாதென்று மறுபடியும் சுற்றினார்கள்; அன்றும் காவலுக்கு இவர்தான் பின்னால் நடந்தார். விமானத்தில் பறந்து வந்து குளத்தைச் சுற்றுவதற்கு இவர்கள் ஊரில் குளமே இல்லையா?

மூச்சு வாங்கியது. ஒரு வாங்கில் உட்கார்ந்தார். அகீலாவும் நின்று தண்ணீரைப் படமெடுத்தாள். இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று காலை நீட்டினார். உடனே அவள் ஒரு திரீவீல்காரனிடம் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசத் தொடங்கினாள்.

வீரய்யா துள்ளி எழுந்து ஓடினார். அவர் கிட்ட வந்ததும் அவள் பேச்சை முடித்துவிட்டு நடந்தாள். அடுத்த வாங்கிலும் இதே கூத்து. இந்த முறை ஒரு புல்லாங்குழல் விற்பவன். இவளுக்குக் காதில்லையா? சட்டம் சொல்லி ஒரு மணித்தியாலம் ஆகவில்லையே. மரத்துக்கு மரம் ஒளிந்து, விறுவிறுவென்று நடந்தார்.

ஒரு சுற்று முடிகிற இடத்தில், ஒரு மரத்தடியில் அவர் தோளில் கை விழுந்தது. சுற்றுலாப் பொலிஸ் சார்ஜன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, முகமூடி போட்ட ஒருவன் அந்தப் பெண்ணைப் பின்தொடர்வதாக இவரைச் சுட்டிக் காட்டியது.

"யார் நீங்க?"

வீரய்யா நிமிர்ந்தார். "அந்தப் புள்ள தங்கியிருக்கிற வீட்டு ஆளு நான்."

சார்ஜன் விரலை மேலே நீட்டினார். வீரய்யா மனுப் போட்டு வைத்த பலகை. 'நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் ஆள் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.' மூன்று மொழியிலும் இருந்தது.

"அந்தப் பலகைய வச்சதே நான்தான்."

"போன கிழமை பிடிச்ச ஆளும் இதைத்தான் சொன்னான்."

அடையாள அட்டை அவசரத்தில் வீட்டில். போனும் வீட்டில். மாநகர சபைக்காக உழைத்த மனிதனை அந்தச் சபையின் பலகைக்குக் கீழேயே கள்ளனாக நிறுத்துகிறார்களே என்று வீரய்யா கொதித்தார்.

நல்லவேளை, அகீலா திரும்பி வந்தாள். தொப்பியைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்த்தாள்.

"எங்கட அங்கிள்தான். விடுங்கோ."

சார்ஜனுக்குச் சங்கடமாகிவிட்டது. இருவரையும் ஜீப்பில் வீட்டில் விடுகிறேன் என்றார். வீரய்யா கதவைத் திறக்கப் போனார்.

"வேண்டாம், நாங்கள் நடந்தே போறம்" என்றாள் அகீலா.

காப்பாற்ற வந்தவனைக் கள்ளனாக்கி, இலவசமாக வந்த ஜீப்பையும் திருப்பி அனுப்பினால் மனுஷன் என்ன செய்வான்? பக்கத்தில் பாயிஸாவின் வடை வண்டி நின்றது. வாவிக்கரையில் நீண்ட நாளாக வடை விற்பவள். அந்த வண்டியோரமே சாய்ந்துகொண்டார்.

"உளுந்து வடை ஒண்ணு, ஒரு பிளேன்டீ. சீனி கூடப் போடு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குக் காவல் நிக்கிறதுக்கு உடம்புல தெம்பு வேணும்."

பாயிஸா வடைத் தட்டை அவர் கைக்கு எட்டாமல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குக் குடுக்க வாணாம்னு பரிமளம் அக்கா சொல்லீக்காங்க. அந்த ஜெர்மன்காரங்க டொக்டர் சொன்ன மாதிரி ரெண்டு சுத்தும் ஒங்கள நடத்திட்டுத்தான் உட்டாங்க. எந்திரிங்க ஐயா, இந்தப் புள்ளக்கி இன்னும் ஒரு சுத்து பாக்கி."