நாட்டிய வகுப்புக்கு எடுத்த சேதக் கணக்கு

திருக்காட்டுப்பள்ளி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்பிள்ளை தமிழ்மாறன் அவர்களுக்கு,

கோவிந்தராசு எழுதுவது. இங்கே நானும் நாற்றும் மாடும் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மகள் வானதி செய்த வேலையால் என் வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது.

போன மாதம் அவள் ஆராய்ச்சிக்காக வந்து, நாட்டிய ஆசிரியர்கள் பிள்ளைகளின் ஊக்கத்தை எப்படி வளர்க்கிறார்கள் என்று அளக்கப்போவதாகச் சொன்னாள். என் மகள் செம்மொழி ஆடப் பழகும் வேம்பு டீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். ஆசிரியர் திட்டுவாரா, பாராட்டுவாரா, எப்போதாவதா, எப்போதுமா என்று கேள்விகள். பேனாவும் தாளுமாக யாராவது ஊருக்குள் வந்தால் அது வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு என்பதுதானே நமக்குப் பழக்கம்? பாதி மூழ்கிய வயலை முழுசாகப் போச்சு என்றால்தான் கால்வாசியாவது எழுதுவார்கள். அதனால் பெற்றோர் எல்லாரும் கூடிப் பேசி, "எல்லாத்தையும் மோசம்னே போடுங்க, அப்பத்தான் கவர்மெண்டு நல்ல ஹாலா கட்டித் தரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். யோசனை யாருடையது என்பது இப்போது முக்கியமில்லை.

முடிவு வந்தது. பிள்ளைகளின் ஊக்கத்தைக் கெடுப்பதில் வேம்பு டீச்சரை மிஞ்ச ஆளில்லையாம். வானதி அதை அவருக்கே அனுப்பிவிட்டாள். பாவம், அன்றிலிருந்து அந்த அம்மா திட்டுவதையே விட்டுவிட்டார். முழங்கால் மடங்காவிட்டாலும் "அருமைம்மா", தாளம் தப்பினாலும் "அருமைம்மா", இடறி விழுந்த பிள்ளைக்கும் "அருமைம்மா". நவராத்திரிக்குக் கோயிலில் ஆட வேண்டிய செம்மொழி, வகுப்புக்கே போகமாட்டேன் என்கிறாள். "நான் நல்லா ஆடுறனா இல்லையான்னே தெரியலப்பா. டீச்சர் என்னையப் பாக்கறதே இல்ல, வாய் மட்டும் அருமைங்குது" என்று அழுகிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. உடனே வானதியை அனுப்புங்கள். மறுபடி அளக்கட்டும், இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

தங்கைக்கு என் அன்பும், வானதிக்குக் கோபம் போக மீதமிருக்கும் ஆசியும்.

இப்படிக்கு,
கோவிந்தராசு

பி.கு.: கவரை ஒட்டும்போது வேம்பு டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். யோசனை என்னுடையது என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "வெக்கமா இல்லீங்களா? ஒங்க வாய்க்கால்ல கோரை மண்டிக் கெடக்கு, அத வெட்ட நேரமில்ல, எம் பேரக் கெடுக்க மட்டும் நேரமிருக்குதா?" என்று தெருவே கேட்கத் திட்டினார். எட்டிப் பார்த்த செம்மொழியிடம், "ஒனக்கென்ன வேடிக்க? முழங்காலு கட்ட மாதிரி நிக்குது, எடு சலங்கைய!" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. ஸ்கூட்டியின் பின்னால் ஏறிப் போயே விட்டாள். வானதி வர வேண்டாம். நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பிவிட்டேன்.