புரட்டாசி சனிக்கிழமையில் ஆட்டு இருதயம்

தேவநாத சுவாமி துணை.

சிதம்பரத்தில் இருக்கும் மச்சான் இளவரசு அவர்களுக்கு, கடலூரிலிருந்து சிங்காரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் கடிதம்.

சத்யப்பிரியா பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுத்தது உங்களுக்குத் தெரியும். அவளுடைய ஜோதி மேரி டீச்சருக்குப் புத்தகத்துப் படம் போதாதாம். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். முதலில் பூஞ்சை பாடம். அதற்காகப் பிள்ளை பூஞ்சை பிடிக்க வைத்திருந்த பிரெட்டை, கண்ணாடி போடாத நேரத்தில் டீயில் தொட்டுத் தின்றுவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனிடம் வந்து, "எந்தப் பக்கம் கடிச்சீங்கப்பா, பச்சையா கறுப்பா?" என்கிறாள்.

அடுத்தது இருதயம். திங்கட்கிழமை வகுப்புக்கு ஆட்டு இருதயம் வேண்டுமாம். டீச்சர் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குப் புரட்டாசி எங்கே நினைவிருக்கும்? நம் வீட்டிலோ முட்டைகூட உள்ளே வராது. பிள்ளை கேட்டுவிட்டாளே, என்ன செய்ய? சனிக்கிழமை என்றால் நம் ஆட்கள் யாரும் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள், என்னைப் பார்க்கவும் மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, திருவந்திபுரத்தில் சேவித்துவிட்டு நேரே போனேன். நெற்றியில் நாமம் இருப்பது மறந்துபோச்சு. காலையிலிருந்து போணியாகாத கடைக்காரர், 'வாங்க சாமி' என்று தெருவே கேட்கக் கூப்பிட்டார். எதிரே நின்ற மினிபஸ் ஜன்னலில் உங்கள் தங்கம்மாள் சித்தி. நான் வீடு சேருமுன் போன் சேர்ந்துவிட்டது.

உங்கள் தங்கை அருள்மொழி மாவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணு இவ காமர்ஸுக்கு மாறணும். இல்ல, நான் அண்ணன் வூட்டுக்குப் போறேன்." பயாலஜி இல்லையென்றால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான், உங்கள் வீட்டு ரத்தம். இருதயம் கொல்லையில் ஐஸ் டப்பாவில் இருக்கிறது. நீங்கள் உடனே வந்து பேசி, பிள்ளையைக் காமர்ஸுக்கு மாறச் சம்மதிக்க வைக்கவும்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. சுவாமி எல்லாரையும், முக்கியமாக என்னை, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சிங்காரம்

பின்குறிப்பு: பஞ்சாயத்துக்கு வர வேண்டாம் மச்சான். இன்று காலை பிள்ளை கொல்லையில் இருதயத்தை அறுத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அருள்மொழி திட்டத்தான் போனாள். ஊற்றிய தண்ணீர் வந்த வழியே திரும்பவில்லை. வால்வு மூடிக்கொண்டதாம். "எங்கப்பாவுக்கு இதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் அருள்மொழி. மாமாவைக் கடைசியாகச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் வால்வு, வால்வு என்றபோது நாம் எல்லாரும் தலையாட்டினோமே, யாருக்குப் புரிந்தது? வெகுநேரம் அழுதாள். பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அறுத்தது வகுப்புக்கு ஆகாது, வேறொன்று வாங்கி வாருங்கள் என்று என்னைத்தான் அனுப்புகிறாள். நீங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கும் ஒன்று வாங்கிக் காட்ட வேண்டுமாம்.