எதிரி நாட்டின் தலைமைக் கப்பல்

கப்பலின் பின்பாதியைக் காணவில்லை.

முன்பாதி மேசைமேல் கிடந்தது. கூர்மூக்கு, இரண்டு பீரங்கி மேடைகள், முக்காலிக் கொடிமரம், ஒரு புகைபோக்கி. இரண்டாவது புகைபோக்கியின் நடுவில் தாள் முடிந்தது. மிச்சம் இன்னொரு தாளில் இருந்தது. நேற்று மாலை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனபோது இரண்டும் கையில்தான் இருந்தன.

வரைவாளர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு அதே இடங்களில் மறுபடியும் பார்த்தார்.

குடிநீர் வாரியத்தில் குழாய்ப் படம் போடுகிறவர் அவர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எப்படி வளைய வேண்டும் என்று வாரம் முழுக்கக் கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை போர்க்கப்பல் போடுவார். உலகத்தில் இல்லாத ஒரு நாட்டுக்கு, அதனிடம் இல்லாத ஒரு கடற்படைக்கு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இருந்தது அந்த நாடு. அங்கே என்றைக்கும் 1934தான். போர் வரப்போகிறது என்று எல்லோரும் பயந்துகொண்டிருப்பார்கள். போர் வராது.

அவருக்கு அந்தப் பயம் பிடித்திருந்தது. யாரையும் ஒன்றும் செய்யாத பயம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நேத்து ஒரு படத்த விட்டுட்டு வந்துட்டேன் போல. கப்பலோட பின்பக்கம்."

"ஆமா சார், இங்கதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"ரெண்டு பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். துறைமுகப் பாதுகாப்புன்னு கார்டு காட்டுனாங்க. ஏதோ ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தாங்க. உங்க படத்தப் பாத்ததும் வந்த வேலைய மறந்துட்டாங்க."

வரைவாளர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"யாருதுன்னு கேட்டாங்களா?"

"கேட்காம இருப்பாங்களா? நான் மூச்சு விடலயே. பேரு தெரியாதுன்னு சொல்லிட்டேன். வீடு மட்டும் தெரியும்னு சொன்னேன்."

"ஐயையோ! திரும்ப வந்தா, அது என்னுது இல்லன்னு சொல்லிடுங்க."

"ஒரு நிமிஷம் சார்." போனைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்காரர் யாரிடமோ பேசுவது கேட்டது. பொத்தியது சரியாக இல்லை. "சார், அது தன்னுது இல்லன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாரு." பிறகு இவரிடம், "சொல்லிட்டேன் சார். வீட்டுக்கு வழி கேக்கத் திரும்ப வந்து, இங்கதான் நிக்கிறாங்க. ரொம்ப நன்றின்னாங்க."

போனை வைத்தார்.

மற்ற படங்களை ஒளிக்க வேண்டும். அலமாரியின் அடித்தட்டில் சுருள் சுருளாக இருந்தன. அள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். மெத்தைக்கு அடியில் முதலில் பார்ப்பார்கள். பரணில் அதற்கடுத்துப் பார்ப்பார்கள். கடைசியில் வாஷிங் மிஷினுக்குள் திணித்து மூடியை அழுத்தினார். மூடும்போது ஒரு நீர்மூழ்கி மடங்கியது. அவருக்கே வலித்தது.

மனைவி சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அவள் பாடி அவர் கேட்டதில்லை. தலைவாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள். விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகள் துடைத்து வரிசையாக நின்றன.

"யாராச்சும் வர்றாங்களா?"

"வந்தாலும் வரலாம்."

அழைப்பு மணி அடித்தது. வரைவாளர் கழிவறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க! பதினோரு மணிக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க!"

வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நெட்டை. இன்னொருவர் கண்ணாடி போட்டவர். நெட்டை அதிகாரி அடையாள அட்டையை நீட்டினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அதெல்லாம் எதுக்குங்க? உள்ள வாங்க. அவரு கக்கூஸ் கதவுக்குப் பின்னாடி நிக்கிறாரு."

வரைவாளர் வெளியே வந்தார்.

நெட்டை அதிகாரி பின்பாதியை மேசைமேல் விரித்தார். கண்ணாடி அதிகாரி முன்பாதியை அதன் பக்கத்தில் நகர்த்தினார். புகைபோக்கி ஒன்று சேர்ந்தது. அந்த நிலைமையிலும் வரைவாளருக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

"இது என்னங்க?"

"க்ரூஸர் சார். போர்க்கப்பல்ல ஒரு ரகம். சும்மா, கற்பனை."

"யாரோட கப்பல்?"

"வடகரைக் குடியரசோடது."

கண்ணாடி அதிகாரி எழுதிக்கொண்டார். "அது எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"கப்பல் இப்ப எங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கல சார்."

"கெளம்பிடுச்சா?"

பயந்தால் சிலர் பொய் சொல்வார்கள். வரைவாளர் பயந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார், கேட்காததையும் சேர்த்து. சிறு வயதிலிருந்தே இதனால் அடிவாங்கியிருக்கிறார்.

"1934ன்னு தேதி போட்டிருக்கு" என்றார் நெட்டை அதிகாரி. "அப்ப நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்களே."

"இல்ல சார்."

"அப்ப தேதி பொய். எடை பத்தாயிரம் டன். அதுவாச்சும் நெசமா?"

"அதுவும் பொய் சார்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "பன்னெண்டாயிரத்துக்கு மேல வரும். அந்தக் காலத்துல நாடுகளுக்குள்ள ஒரு ஒப்பந்தம் சார். இந்த ரகத்துல பத்தாயிரம் டன்னத் தாண்டக் கூடாதுன்னு. சில பேரு தாண்டிட்டு, எடையக் கொறச்சுச் சொல்லிட்டாங்க. அதான் நானும் கொறச்சு எழுதுனேன்."

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?"

"தென்கரைக்காரங்களுக்கு. எதிரி நாடு சார்."

"அவங்க கப்பல யாரு போடுறா?"

"அதுவும் நான்தான் சார்."

கண்ணாடி அதிகாரியின் பேனா நின்றது.

"ரெண்டு பக்கமும் வேல பாக்குற?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று வரைவாளர் கவனிக்கவில்லை.

"யாரு கப்பல் ஒசத்தி?"

அவர் படத்தின் மடிந்த ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"கேக்குறாங்கல்ல, சொல்லுங்க" என்றாள் மனைவி. கதவில் சாய்ந்து, கைகட்டி, நாடகம் பார்க்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"தென்கரையோடது."

"சொந்த நாட்டுக்கு மட்டமான கப்பல். எதிரிக்கு ஒசத்திக் கப்பல். ஏன்?"

"வடகரைப் பார்லிமென்ட்ல பணம் ஒதுக்கல சார்."

"யாரு ஒதுக்கணும்?"

"நான்தான்."

"பின்ன ஒதுக்க வேண்டியதுதானே?"

"அது எப்படிங்க சார்? எதிர்க்கட்சி ஒத்துக்காதே."

கண்ணாடி அதிகாரி 'எதிர்க்கட்சி' என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டார். அந்தக் கோடுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவனுக்கென்ன, போகிறான் என்று நினைத்தார்.

"மத்தப் படமெல்லாம் எங்க?"

அன்றைக்கு முதல் முறையாக வரைவாளர் துணிந்து வாயை மூடிக்கொண்டார்.

"வாஷிங் மிஷின்ல பாருங்க சார்" என்றாள் மனைவி. "துணி போடலாம்னு தொறந்தேன். ஒரு கடற்படையே கெடக்கு."

கண்ணாடி அதிகாரி போய் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சுருளும் மேசைமேல் விழுந்தது. நாசகாரிக் கப்பல்கள், கடற்கண்ணி பதிக்கும் கப்பல், விமானத்தை உந்தி எறியும் கருவியின் பக்கத் தோற்றம். நெட்டை அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு வரைவாளர் மனைவிக்குப் பின்னால் சமையலறைக்குப் போனார்.

"நீதான் இவங்கள வரச் சொன்னியா?" என்று கேட்டார்.

அவள் தேநீரை ஊற்றினாள். "யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்? எத்தன ஞாயித்துக்கெழம வீணாப் போச்சு! நம்ம கல்யாண நாளன்னிக்குக் கூப்புட்டேனே, வந்தீங்களா?"

"அன்னிக்குக் கப்பலோட வெள்ளோட்டம்..."

"பாத்தீங்களா!"

"என்ன உள்ள தள்ளிடுவாங்கம்மா. தேசத் துரோகம்னு எழுதிட்டிருக்கான் அவன். நானே எட்டிப் பாத்தேன்."

"அதெல்லாம் ஒண்ணும் தள்ள மாட்டாங்க. இனிமே கப்பல் போட மாட்டேன்னு சொல்லுங்க, போயிடுவாங்க."

கட்டின மனைவியே காட்டிக்கொடுத்துவிட்டாள். அதைவிட, காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எது பெரிய பயம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. ஜன்னல் இல்லாத ஒரு அறை கண்ணுக்கு முன் வந்தது. அதில் ஒரு மேசை. மேசைமேல் அவருடைய கப்பல். எதிரில் முகம் தெரியாதவர்கள். எத்தனை தடவை கேட்டாலும் அவர் அங்கே சொல்லப்போவது ஒன்றுதான்: எங்கேயும் இல்லை.

திரும்பி வந்து, "இனிமே போட மாட்டேன் சார்" என்றார்.

"இனிமே இருக்கட்டும். இதுவரைக்கும் போட்டதுக்கு என்ன பதில்?"

"அப்படிக் கேளுங்க!" என்று மனைவி தேநீரை நீட்டினாள். "இதக் கேளுங்க சார், கம்ப்யூட்டர்ல வெளிநாட்டுக்காரங்களோட பேசுறாரு. படத்தையெல்லாம் அனுப்புறாரு. விடாதீங்க."

"யாருக்கு அனுப்புற?"

"என்ன மாதிரி ஆளுங்கதான் சார். ஒருத்தர் பல் டாக்டர். ஒருத்தர் தபால்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவர்."

"அவங்களும் கப்பல் போடுவாங்களா?"

"ஆளுக்கொரு கடற்படை சார்."

கண்ணாடி அதிகாரி எழுதுவதை விட்டுவிட்டார். கையை உதறிக்கொண்டார். பிறகு, இருப்பதிலேயே பெரிய சுருளை விரித்தார். மேசை போதாமல் அது இரண்டு பக்கமும் தொங்கியது. தென்கரைப் பேரரசின் தலைமைக் கப்பல். நாலு பீரங்கி மேடைகள், கோபுரம் போல் உயர்ந்த கட்டளை மேடை. பக்கவாட்டில் அழகான எழுத்தில் பெயர். கண்ணாடி அதிகாரி அதை உரக்கப் படித்தார்.

மனைவியின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

"அது என் பேரு" என்றாள்.

மேசையருகே வந்து அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எதிரி நாட்டுக் கப்பலுக்கு என் பேரா?"

"எதிரி நாடுன்னு பாக்காத. அதுதாம்மா இருக்கறதுலயே பெருசு."

"பெருசா?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல. கவசம் அவ்வளவு கனம். என்னத்தால அடிச்சாலும் எறங்காது. வடகரைக் கப்பல் அத்தனையும் ஒண்ணா வந்தாலும் அதுக்கு முன்னால நிக்க முடியாது. அது வந்தாலே நாங்க துறைமுகத்துக்குள்ள போயிடுவோம்."

இதைப் பாராட்டாகத்தான் அவர் சொன்னார். வாழ்க்கையில் அவளுக்கு அவர் தந்த பெரிய பரிசும் அதுதான். இத்தனை நாளும் அதைக் காட்டத் துணிவு வரவில்லை.

மனைவி கோப்பையை வைத்த சத்தத்தில் நெட்டை அதிகாரியே நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இவரக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனார்கள். சட்டை மாற்றிக்கொள்ள விட்டார்கள். பொத்தானை அவரால் போட முடியவில்லை. கண்ணாடி அதிகாரி போட்டுவிட்டார். அந்த அக்கறை வரைவாளரை இன்னும் நடுங்க வைத்தது. படிக்கட்டில் எதிர்வீட்டுக்காரர் எதிரே வந்தார். சுருள்களையும் அதிகாரிகளையும் பார்த்ததும் எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். நேற்று வரைக்கும் குழாய் ரிப்பேர் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்.

வாசலில் சாம்பல் நிற வண்டி. ஜன்னல்களில் கறுப்புத்தாள். வரைவாளரைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். மடியில் கப்பல்கள். தென்கரைத் தலைமைக் கப்பல் அவர் தொடையில் உருண்டது.

மனைவி பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. நெட்டை அதிகாரியின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினாள். ஆனால் கதவு இன்னும் மூடவில்லை. வரைவாளருக்கு எல்லாம் கேட்டது.

"ஒரு மணி நேரம் போதும். ரொம்பப் பயந்த சுபாவம். மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டுடுங்க."

"மத்தியானமா?" என்றார் நெட்டை அதிகாரி. "எந்த வருஷத்து மத்தியானம்னு எங்களுக்கே தெரியாதும்மா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அச்சு அசலா அப்படியே பேசுறீங்க!"

கதவு மூடியது. கறுப்புத்தாள் வழியே தெரு மங்கலாகத் தெரிந்தது. அவள் கையசைத்தாள். ஊருக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி. வரைவாளருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு வெறுப்பா? ஒரு பெண்ணுக்குள் இவ்வளவு வெறுப்பு இருக்குமா? இதற்குத் தென்கரைக்காரர்களே மேல்.

வண்டி உறுமியது. நகரவில்லை. எதிரே ஒரு ஆட்டோ வந்து குறுக்கே நின்றது. அதிலிருந்து குதித்தவன் மனைவியின் தம்பி. நாடகக் குழு நடத்துகிறவன். அவனுக்குப் பின்னால், அளவு சரியில்லாத காக்கி உடுப்பில், தொப்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் மூச்சு வாங்க மனைவியிடம் ஓடினார்கள்.

"மன்னிச்சுக்கக்கா, ஒட்டு மீசை கெடைக்காம லேட்டாயிடுச்சு. மாமா மேலதானே இருக்காரு? இப்பப் போயி மெரட்டட்டுமா?"