நண்டுக் கொம்பனியில் நான் ஆற்றிய வரவேற்புரை

யாழ்ப்பாணத்தில் ஒருத்தியின் வாயை அடைக்க வேண்டுமென்றால் அதட்டத் தேவையில்லை. அவள் கையில் மைக்கைக் கொடுத்தால் போதும். இதை நான் பட்டுத் தெளிந்து சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மலசலகூடம் திறந்தாலும் மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று எல்லாம் முறைப்படி நடக்கும். சொல்ல வந்த விஷயத்துக்குத்தான் நேரம் இருக்காது.

பள்ளிக்கூடத்தில் நான் வரவேற்புரைக்குப் பேர்போனவள். வாணி விழாவோ விளையாட்டுப் போட்டியோ, அதிபர் என்னைத்தான் கூப்பிடுவார். பேச்சுப் போட்டியில் வலய மட்டத்தில் இரண்டாமிடம். (முதலிடம் எடுத்தவள் இப்போது கனடாவில். அங்கே யாரை வரவேற்கிறாளோ தெரியாது.) இத்தனை தமிழையும் வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்த வேலை, அரியாலைப் பக்கம் ஒரு கொம்பனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது.

நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். கையுறை தருவார்கள்தான், ஆனால் அது சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற்றை விட மெல்லியது. நண்டு செத்தாலும் அதன் முள் சாகாது என்பதைக் கொம்பனியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் யோகமக்கா. கணவர் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். ஒருநாள் ஒரு முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு அவருடைய வலது கை நடுவிரலில் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு அவர் தொடர்ந்து வேலை செய்தார். சில நாட்களில் விரல் வீங்கிக் கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டபோது மனேஜர் விரலைப் பார்க்கவே இல்லை.

"உது வீட்டிலை மீன் வெட்டேக்கை வெட்டினதாயிருக்கும். அதுக்குக் கொம்பனி என்ன செய்யிறது? வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. கனநாள் வராட்டில் வேறை ஆளைப் போடுவன்."

வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காயம் வேலையில்தான் பட்டது என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து, தொழில் பரிசோதகர் ஒருவர் வந்து எங்களிடம் நேரில் குறை கேட்கப்போகிறார் என்று செய்தி வந்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது யார் பேசுவது என்ற கேள்வி எழுந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"எனக்குக் கதைக்க வராது பிள்ளை, வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்" என்றார் யோகமக்கா. "நீ என்ரை கையைக் காட்டி, இது இஞ்சை பட்ட காயம் எண்டு மட்டும் சொல்லு. அவ்வளவு காணும்."

"அது நான் வடிவாச் சொல்லுவன் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். பொருத்தமாக ஒரு குறளும் தேடி வைத்தேன். (விரல் கறுத்துப்போனவளுக்குக் குறள் எதற்கென்று அப்போது தோன்றவில்லை.)

பரிசோதகர் வரும் நாளன்று மண்டபத்தைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தரை காய்ந்திருந்தது. வாடகைக் கதிரைகள், குத்துவிளக்கு, மைக் எல்லாம் வந்திருந்தன. எல்லோருக்கும் புதிய தடித்த கையுறை கொடுத்துப் போடச் சொன்னார்கள். யோகமக்காவின் கட்டுப்போட்ட கையிலும் ஒன்றை இழுத்து மாட்டிவிட்டார்கள். மனேஜர் முகம் முழுக்கச் சிரிப்போடு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் நல்லாக் கதைப்பீராமே. வரவேற்புரையை நீரே சொல்லும். ஐயாவும் சந்தோசப்படுவார்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யோகமக்கா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கென்ன விசரே? உதுக்கு ஏன் போறாய்?"

"ரெண்டு வசனம் வரவேற்றுப்போட்டு விஷயத்துக்கு வாறன் அக்கா."

விளக்கேற்றினார்கள். மைக் என் கைக்கு வந்தது. "மங்களகரமான இந்தக் காலைப்பொழுதிலே" என்று தொடங்கினேன். (அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது.) அதற்குப் பிறகு பேசியது நானில்லை, பள்ளிக்கூடம் எனக்குள் ஊற்றி வைத்த தமிழ். பரிசோதகரை நீதியின் காவலர் என்றேன். வெளிநாட்டில் இருக்கும் முதலாளியைப் பிறந்த மண்ணை மறவாத வள்ளல் என்றேன். மனேஜரை, தொழிலாளர்களைத் தான் பெற்ற பிள்ளைகளைப்போலத் தாங்கும் தந்தை என்றேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் எனக்குக் கண் தெரியாது. ஒருவழியாக மூச்சு வாங்கி விஷயத்துக்கு வரப் பார்த்தபோது மனேஜர் ஒரு பொன்னாடையைக் கையில் திணித்தார். மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பரிசோதகருக்குப் போர்த்தினேன். படம் எடுத்தார்கள். மைக் என்னிடம் திரும்பி வரவேயில்லை.

மனேஜர் நீளமாகப் பேசினார். வடையும் ரோல்சும் வந்தன. பரிசோதகர் நேரத்தைப் பார்த்தார். அவருக்கு மயிலிட்டியில் இன்னோர் இடம் பார்க்க இருந்தது.

"வேறை ஏதும் குறை இருக்கோ?"

"பிள்ளைதான் எல்லாம் வடிவாச் சொல்லிட்டுதே ஐயா" என்றார் மனேஜர்.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். ஒரு வசனம் போதும். ஆனால் சற்று முன்னர்தான் தந்தை என்று புகழ்ந்த மனுஷரை அவர் முகத்துக்கு நேரே எப்படிக் குற்றம் சொல்வது? நான் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன்.

பின்வரிசையில் நின்ற யோகமக்கா இனி என்னை நம்பிப் பயனில்லை என்று கண்டு தானே கையை உயர்த்தினார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. புதுக் கையுறை போட்ட ஒரு கைதான் பரிசோதகருக்குத் தெரிந்தது. அவரும் சந்தோசமாகக் கையை அசைத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

பின்னேரமே கையுறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் யோகமக்கா மறுபடியும் லீவு கேட்டபோது மனேஜர் என் தமிழையே எடுத்து அவருக்குச் சொன்னாராம்: "பெத்த பிள்ளையள் மாதிரித் தாங்கிறம் எண்டு உங்கடை ஆள்தானே சொன்னது?" அக்கா காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றது. நானும் அன்றோடு வேலையை விட்டேன். (வீரத்தால் அல்ல. பக்கத்து இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.)

இருவருமாகத் தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போய் முறையிட்டோம். பரிசோதகர் என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார். "நீர்தானே அண்டைக்கு வரவேற்புரை சொன்ன பிள்ளை? அருமையான தமிழ்." பிறகு விரல் இல்லாத இடத்தைப் பார்த்து அவருக்கும் முகம் கறுத்தது. "அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். விசாரணை நடந்தது. காயம் வீட்டில் பட்டது என்று கொம்பனி அடித்துச் சொன்னது. வேலையில்தான் பட்டது என்று நான் சொன்னது எடுபடவில்லை; கொம்பனியின் முகநூலில் நான் பொன்னாடை போர்த்தும் படம் அவர்களுக்குச் சாட்சியாகக் கிடந்தது. அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது அவர் நீர்வேலியில் வாழைத்தோட்டத்து வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் நான் எங்கே எதைக் கேட்கப் புறப்பட்டாலும் என் அத்தான் என்னைக் காட்டி, "தர்சியை விடாதேங்கோ, கடைக்காரனுக்குப் பொன்னாடை போத்திப்போட்டு வெறுங்கையோடை வருவள்" என்பார். வீடே சிரிக்கும். ஆனால் அந்தக் கதையைச் சொல்வதில் யோகமக்காவை அடிக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விடமாட்டார்கள். எழுந்து நின்று, என் குரலில் மங்களகரமான காலைப்பொழுதைத் தொடங்கி, தலையணை உறையை எடுத்து அத்தானுக்குப் போர்த்தி, நடித்தே காட்டுவார். தான் கை உயர்த்திய இடத்தை மட்டும் சொல்லமாட்டார். அந்த இடம் வரும்போது என் பக்கம் திரும்பி, "பிள்ளை, தேத்தண்ணி போடன்" என்பார்.

நான் எழும்பிக் குசினிக்குள் போவேன். கேத்தல் கொதிக்கும்வரை அங்கே நின்று அழுவேன்.